கல்லீரல் புற்றுநோய்ப் பிரிவில் அப்பாவுடன்: ஒரு மகளின் மதிப்புரை

கல்லீரல் புற்றுநோய்க்குச் சிகிச்சை தரும் ஓர் இடத்தை மதிப்பிட, வார்டு சுத்தமாக இருக்கிறதா, வரவேற்பில் மரியாதையாகப் பேசுகிறார்களா என்று பார்த்தால் மட்டும் போதாது. அங்கே இருப்பவர்கள் கட்டியை மட்டும் பார்க்கிறார்களா, கட்டி வந்திருக்கும் கல்லீரலையும் சேர்த்துப் பார்க்கிறார்களா? என்னைக் கேட்டால் இதுதான் முதல் கேள்வி. அப்பாவுக்குச் சிகிச்சை நடக்கும் பெரிய மருத்துவமனையின் கல்லீரல் பிரிவு இந்தக் கேள்வியில் நன்றாகவே தேறியது. வேறு சில விஷயங்களில் தேறவில்லை. குறைகளையும் எழுதப்போவதால் மருத்துவமனையின் பெயரைச் சொல்லவில்லை. 5 நட்சத்திரத்துக்கு 4 தருகிறேன்.

அப்பாவுக்கு 64 வயது. ஹெபடைடிஸ் பி வைரஸ் உடம்பில் இருப்பது பல வருடங்களுக்கு முன்பே தெரியும். அப்போது பார்த்த மருத்துவர், "சும்மா இருக்கிற வைரஸ், பயப்பட வேண்டாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். 6 மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் எடுக்க வேண்டும் என்று அவரும் சொல்லவில்லை, பிறகு பார்த்தவர்களும் சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. கல்லீரல் சுருங்கித் தழும்பேறும் சிரோசிஸ் வந்தவர்களுக்கு அந்த 6 மாத ஸ்கேன் கட்டாயம் வேண்டும். ஹெபடைடிஸ் பி உள்ளவர்களில் சிலருக்குச் சிரோசிஸ் வராமலேயே நேராகப் புற்றுநோய் வந்துவிடும். அதனால் அவர்களிலும் வயது, குடும்ப வரலாறு எல்லாம் பார்த்துப் பலருக்கு அதே ஸ்கேனைத்தான் சொல்கிறார்கள். கட்டி 2 செ.மீ. அளவில் இருக்கும்போது பெரும்பாலும் யாருக்கும் வலி வராது, மஞ்சள் காமாலை வராது, பசி குறையாது. அந்த நிலையில் அது கண்ணில் படுவது ஸ்கேனில் மட்டும்தான். அப்பாவுக்கு அது வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தெரிந்தது. அதற்குள் ஒரு கட்டி 4.2 செ.மீ., இன்னொன்று 1.8 செ.மீ. ஆகியிருந்தது.

இனி பிரிவைப் பற்றிச் சொல்கிறேன்.

முதல் நாள் ஓபியில் கல்லீரல் மருத்துவர் ஸ்கேன் படத்தை உடனே எடுக்கவில்லை. அப்பாவைக் கட்டிலில் படுக்கச் சொல்லி வயிற்றைத் தட்டிப் பார்த்தார். காலில் முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் கட்டை விரலால் அழுத்திக் குழி விழுகிறதா என்று பார்த்தார். அப்புறம் எழுந்து உட்காரச் சொல்லி, "ஐயா, இரண்டு கையையும் நீட்டுங்க, போலீஸ்காரர் வண்டியை நிறுத்துற மாதிரி உள்ளங்கையைத் தூக்கிப் பிடிங்க" என்றார். விரல்கள் படபடவென்று அடித்துக்கொள்கின்றனவா என்று கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். அம்மாவிடம் திரும்பி, "பகல்ல தூங்கிட்டு ராத்திரி முழிச்சிருக்காரா? பேச்சுல ஏதாவது மாறியிருக்கா?" என்று கேட்டார். அம்மா யோசித்து, "அதெல்லாம் இல்லீங்க டாக்டர்" என்றார். அதற்குப் பிறகுதான் திரையில் படத்தைத் திறந்தார்.

அவர் செய்தபோது அது எதற்கென்று எனக்குப் புரியவில்லை. பிறகு அவர் விளக்கியதும்தான் தெரிந்துகொண்டேன்: சைல்டு-பியூ என்று ஒரு கணக்கு இருக்கிறது. ரத்தத்தில் பிலிரூபின், ஆல்புமின், ரத்தம் உறைய எடுக்கும் நேரம், வயிற்றில் நீர் கோத்திருக்கிறதா, மூளையில் குழப்பம் இருக்கிறதா என்ற ஐந்தையும் வைத்துக் கல்லீரல் எவ்வளவு தாங்கும் என்று ஏ, பி, சி என மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள். அப்பாவுக்குச் சிரோசிஸ் இருந்தும் ஏ. கட்டி சின்னதாக இருந்தும் கல்லீரல் சி நிலையில் இருந்தால் பெரும்பாலான சிகிச்சைகளை அந்த உடம்பு தாங்காது. கட்டி கொஞ்சம் பெரிதாக இருந்தாலும் கல்லீரல் ஏ நிலையில் இருந்தால் செய்வதற்கு நிறைய இருக்கிறது. மற்ற புற்றுநோய்களுக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசமே இதுதான். இங்கே ஒரே ஆளுக்கு இரண்டு நோய். இதை எங்களுக்கு முதல் நாளே விளக்கிச் சொன்னது இந்தப் பிரிவின் பெரிய பலம். இதற்கு முன் போன இடத்தில், "கட்டி எத்தனை செ.மீ., எப்போது ஆபரேஷன்" என்ற பேச்சோடு முடிந்துவிட்டது.

அடுத்தது பயாப்ஸி. சித்தப்பா விடவே இல்லை. "ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்க்காம புற்றுநோய்னு எப்படிச் சொல்றாங்க? வேற எங்கயாவது காட்டலாம்மா" என்று என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். நியாயமான சந்தேகம்தான். அதை அப்படியே கொண்டுபோய் மருத்துவரிடம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. சிடி ஸ்கேன் படங்களை வரிசையாகத் திறந்து காட்டினார். கான்ட்ராஸ்ட் மருந்து கையில் ஏறிய சில நொடிகளில் எடுத்த படத்தில், கல்லீரல் சாம்பல் நிறமாக இருக்க, கட்டி மட்டும் வெள்ளையாக மின்னியது. சில நிமிடங்கள் கழித்து எடுத்த படத்தில் அதே இடம் சுற்றியிருக்கும் கல்லீரலைவிடக் கறுத்துப்போயிருந்தது. நல்ல கல்லீரலுக்கு ரத்தத்தில் முக்கால் பங்கு, குடலிலிருந்து வரும் போர்ட்டல் நரம்பு என்ற ரத்தக்குழாய் வழியாகத்தான் வருகிறது. கால் பங்குதான் தமனி வழியாக. இந்தப் புற்றுநோய்க் கட்டியோ ஏறக்குறைய முழுக்கத் தமனியிலிருந்தே ரத்தம் குடிக்கிறது. அதனால்தான் முதலில் மின்னி, சீக்கிரம் வடிந்துவிடுகிறது. சிரோசிஸ் உள்ளவருக்கு 1 செ.மீ.க்கு மேல் உள்ள கட்டியில் இந்த இரண்டும் தெளிவாகத் தெரிந்தால், பயாப்ஸி இல்லாமலேயே இது எச்சிசி, அதாவது கல்லீரல் செல்லிலேயே தோன்றும் புற்றுநோய் என்று முடிவு செய்யலாம். உலகம் முழுக்க ஏற்றுக்கொண்ட வழிமுறை இது. படம் தெளிவாக இல்லை என்றாலோ, சிரோசிஸ் இல்லாதவர் என்றாலோ பெரும்பாலும் பயாப்ஸி வேண்டும். ஊசி போகும் வழியில் ரத்தக்கசிவு வரலாம், அபூர்வமாகப் புற்றுநோய்ச் செல்லும் அதே வழியில் ஒட்டிக்கொள்ளலாம் என்பதால், தேவையில்லாதவருக்குச் செய்வதில்லை என்றார். இந்தப் புற்றுநோயில் ரத்தத்தில் கூடக்கூடிய ஏஎஃப்பி என்ற புரதம் அப்பாவுக்குச் சாதாரண அளவில்தான் இருந்தது. அதை மட்டும் நம்பியிருந்தால் இன்னும் சில மாதம் கோட்டை விட்டிருப்போம்.

குடல் புற்றுநோய் போன்றவை கல்லீரலுக்குப் பரவி வரும் கட்டிகள் வேறு, கல்லீரலிலேயே பிறக்கும் இது வேறு என்பதையும் அன்றுதான் விளங்கிக்கொண்டேன். பித்தக்குழாயில் தோன்றுவது இன்னொரு வகை. மூன்றுக்கும் சிகிச்சை வேறு வேறு. "கல்லீரல் கேன்சர்" என்று பொதுவாகச் சொல்லி யாராவது தங்கள் அனுபவத்தைச் சொன்னால், எந்த வகை என்று கேட்காமல் அதை உங்கள் வீட்டுக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள்.

நான் அதிகம் மதிப்பது ட்யூமர் போர்டைத்தான். கல்லீரல் மருத்துவர், அறுவை மருத்துவர், மாற்று அறுவைக் குழு, ரேடியாலஜிஸ்ட், புற்றுநோய் மருந்து மருத்துவர், கதிர்வீச்சு மருத்துவர் எல்லோரும் வாரம் ஒருமுறை ஒரே அறையில் உட்கார்ந்து, ஒவ்வொரு நோயாளியின் படத்தையும் திரையில் போட்டுப் பேசி முடிவெடுக்கிறார்கள். இல்லாவிட்டால் என்ன ஆகும்? அறுவை மருத்துவரிடம் முதலில் போனவருக்கு அறுவை, ரேடியாலஜிஸ்டிடம் போனவருக்கு ஊசி என்று, எந்தக் கதவைத் தட்டினோமோ அதற்கேற்ற சிகிச்சைதான் கிடைக்கும். போர்டு முடிந்த மறுநாள் எங்களுக்கு ஒரு தாள் தந்தார்கள். அதில் என்ன முடிவு என்பதோடு, மற்ற வழிகள் ஏன் வேண்டாம் என்பதும் எழுதியிருந்தது. அந்த இரண்டாவது பகுதிக்காகவே நான் இந்தப் பிரிவைப் பரிந்துரைப்பேன்.

அப்பாவின் தாளில் இருந்ததை எளிதாகச் சொல்கிறேன். வெட்டி எடுப்பது வேண்டாம். ஒரு கட்டி நடுவில் ஆழத்தில் இருக்கிறது, எண்டோஸ்கோபியில் உணவுக்குழாய் நரம்புகள் புடைத்திருக்கின்றன. சிரோசிஸால் உள்ளே ரத்த அழுத்தம் கூடிவிட்டது என்பதற்கு அது அடையாளம். வெட்டினால் மிச்சக் கல்லீரல் தாங்காமல் போகலாம். சூடுவைத்துக் கட்டியை எரிக்கும் அப்லேஷன் 3 செ.மீ. வரைக்கும் நன்றாக வேலை செய்யும், 4.2க்கு மட்டும் அதை நம்ப முடியாது. கல்லீரல் மாற்று அறுவைக்கு 1996-ல் வந்த மிலான் அளவுகோல் என்று ஒன்று உண்டு. ஒரே கட்டி என்றால் 5 செ.மீ.க்குள், பல கட்டி என்றால் 3-க்கு மேல் போகாமல், ஒவ்வொன்றும் 3 செ.மீ.க்குள், ரத்த நாளத்துக்குள் புகாமல் இருக்க வேண்டும். அப்பா அந்த எல்லையைக் கொஞ்சம் தாண்டியிருந்தார். அதனால் முதலில் டேஸ் என்ற சிகிச்சையால் பெரிய கட்டியைச் சுருக்குவது, சின்னதை அப்லேஷனில் எரிப்பது, எல்லைக்குள் வந்தால் மாற்று அறுவை பற்றிப் பேசுவது. இதுதான் முடிவு. வைரஸைக் கட்டுப்படுத்த என்டெகாவிர் மாத்திரையை அன்றே தொடங்கிவிட்டார்கள். புற்றுநோய்ப் பிரிவில் வைரஸ் மாத்திரைக்கு என்ன அவசரம் என்று தோன்றலாம். வைரஸ் தலைதூக்கினால் கல்லீரல் ஏ-யிலிருந்து பி-க்கு இறங்கும், இறங்கினால் அடுத்த சிகிச்சைக்கான வழி அடைபடும்.

டேஸ் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இதற்காகப் பயந்துகொண்டிருக்கும் குடும்பங்கள் நிறைய. வயிற்றைத் திறக்க மாட்டார்கள். முழு மயக்கம் கிடையாது. தொடை இடுக்கில் மரத்துப்போக ஊசி போட்டு, தமனிக்குள் மெல்லிய குழாயை நுழைத்து, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி கல்லீரலுக்குள் கட்டிக்குப் போகும் சின்னக் கிளை வரைக்கும் கொண்டுபோகிறார்கள். அங்கே டாக்ஸோரூபிசின் என்ற கீமோ மருந்தை லிபியோடால் என்ற எண்ணெயில் கலந்து செலுத்துகிறார்கள். கசகசா எண்ணெயில் அயோடின் சேர்த்துச் செய்வதுதான் லிபியோடால். பிறகு அந்தக் கிளையை நுண்துகள்களால் அடைத்துவிடுகிறார்கள். கட்டிக்கு மருந்தும் போகிறது, சாப்பாடும் நின்றுவிடுகிறது. கட்டி தமனியிலிருந்து மட்டும் குடிக்கிறது என்று சொன்னேனே, அதே குணத்தை அதற்கு எதிராகவே திருப்பும் சிகிச்சை இது. செய்த ரேடியாலஜிஸ்ட் எங்களை உள்ளே அழைத்து முன்னும் பின்னும் எடுத்த படங்களைக் காட்டினார். முன்னால் எடுத்ததில் கட்டியைச் சுற்றி நூல் நூலாக நாளங்கள். பின்னால் எடுத்ததில் அந்த இடம் வெறுமையாக இருந்தது.

அப்பாவுக்கு அன்றிரவு வலது விலாவுக்குக் கீழே வலி, குமட்டல், அடுத்த நாள் 101 டிகிரி காய்ச்சல். கட்டி சாகும்போது இப்படி வருவது சகஜம், சில நாளில் அடங்கும் என்று முன்பே சொல்லி வைத்திருந்ததால் நாங்கள் கலங்கவில்லை.

அந்த இரவில்தான் இந்தப் பிரிவின் மீது எனக்கு முதல் மனக்குறை வந்தது. ராத்திரி டியூட்டியில் வேறு பிரிவிலிருந்து வந்த இளம் மருத்துவர் வலிக்கு டைக்ளோஃபெனாக் ஊசி எழுதிவிட்டார். சிரோசிஸ் உள்ளவர்களுக்கு அந்த வகை வலி மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும், ரத்தக்கசிவையும் வரவைக்கும். வார்டு சிஸ்டர் அதைப் படித்ததும் ஊசியை எடுக்காமல் நேராகப் போன் செய்து மாற்றி வாங்கினார். "இந்த வார்டுல இது போடக்கூடாதும்மா. பாராசிட்டமால்தான், அதுவும் ஒரு நாளைக்கு 2 கிராமுக்கு மேல தர மாட்டோம்" என்று என்னிடம் அமைதியாகச் சொன்னார். அந்தச் சிஸ்டருக்கு நான் எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது. ஆனால் ஒரு நோயாளியின் பாதுகாப்பு, அன்றைக்கு டியூட்டியில் இருக்கும் ஒரு சிஸ்டரின் அனுபவத்தை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. ஃபைலின் முதல் பக்கத்திலேயே சிவப்பு மையில் எழுதி ஒட்டலாம். இதைக் கருத்துப் படிவத்தில் எழுதிக் கொடுத்தேன். அடுத்த முறை போனபோது எழுதி ஒட்டியிருந்தார்கள்.

அப்லேஷன் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மயக்கம் கொடுத்து, ஸ்கேனைப் பார்த்து ஊசியைக் கட்டிக்குள் நிறுத்தி, மைக்ரோவேவ் சூட்டில் எரித்தார்கள். மறுநாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

பிறகு எடுத்த எம்ஆர்ஐ அறிக்கையில், "கட்டியின் அளவு 3.9 செ.மீ." என்று படித்ததும் அம்மா அழுதுவிட்டார். இவ்வளவு பாடுபட்டும் 3 மி.மீ.தான் குறைந்ததா என்று. அறிக்கை மட்டும் கையில் கிடைத்தது, மருத்துவரைப் பார்க்கும் தேதியோ பல நாள் தள்ளி இருந்தது. அந்த இடைவெளி கொடுமையானது. இரண்டாவது குறை இதுதான். கடைசியில் மருத்துவர் விளக்கியபோதுதான் தெரிந்தது, டேஸுக்குப் பிறகு வெளி அளவைப் பார்க்கக் கூடாது. கான்ட்ராஸ்ட் மருந்து ஏறி மின்னும் பகுதிதான் உயிருள்ள கட்டி. அப்பாவுக்கு மின்னுவது 2.1 செ.மீ. மட்டும், மற்றதெல்லாம் செத்த திசு. இதை அறிக்கையின் அடியில் ஒரே வரியில் எழுதியிருந்தால் அம்மா அத்தனை நாள் சாப்பிடாமல் கிடந்திருக்க மாட்டார். இன்னொரு டேஸ் செய்தார்கள். அதற்குப் பிறகு மிலான் எல்லைக்குள் வந்துவிட்டோம்.

மாற்று அறுவைக்கு அண்ணன் கல்லீரல் தர முன்வந்தான். பரிசோதனைகளுக்கு நடுவே, குழுவில் சேராத ஒரு மருத்துவரும் ஒரு மனநல ஆலோசகரும் எங்கள் யாரையும் உள்ளே விடாமல் அவனிடம் தனியாகப் பேசினார்கள். "உங்களுக்கு மனசு இல்லைன்னா இப்பவே சொல்லுங்க. மருத்துவக் காரணத்தால முடியாதுன்னு மட்டும் வீட்ல சொல்லிடுவோம், உங்க பேரு வெளியில வராது" என்றார்களாம். அண்ணன் வெளியே வந்து என்னிடம் இதைச் சொன்னபோது கண் கலங்கியிருந்தான். அவன் தயார்தான். அப்படி ஒரு வழியைத் திறந்து வைத்தார்களே என்பதுதான் அவனைத் தொட்டுவிட்டது. குடும்பத்தில் ஒருவர் தானம் தரும்போது வெளியே தெரியாத அழுத்தம் எவ்வளவு இருக்கும் என்பதை அறிந்தவர்கள் மட்டுமே இப்படிக் கேட்பார்கள். ஆனால் அண்ணனின் கல்லீரலில் கொழுப்பு அதிகமாக இருந்ததால் அவனிடமிருந்து எடுப்பது ஆபத்து என்று மறுத்துவிட்டார்கள். இறந்தவர் தரும் உறுப்புக்கான பட்டியலில் அப்பாவின் பெயரைப் பதிவு செய்தோம்.

காத்திருந்த நேரத்தில் புதிதாக ஒரு கட்டி முளைத்து, போர்ட்டல் நரம்பின் ஒரு கிளைக்குள்ளும் நுழைந்துவிட்டது. அதோடு மாற்று அறுவை என்ற வழி மூடிவிட்டது. இதைச் சொல்ல மாற்று அறுவைக் குழுவின் தலைவரே வந்து உட்கார்ந்தார். போனில் சொல்லவில்லை, ஜூனியரை அனுப்பவில்லை. நரம்புக்குள் புகுந்தால் மாற்றிய கல்லீரலிலும் நோய் திரும்ப வரும் வாய்ப்பு மிக அதிகம், அதனால்தான் பட்டியலிலிருந்து பெயரை எடுக்கிறோம் என்று அப்பாவின் கண்ணைப் பார்த்துச் சொன்னார். "நிலமே உவர் பிடிச்சிருக்கு, ஒரு களையைப் பிடுங்கினா இன்னொண்ணு முளைக்கத்தான் செய்யுமாக்கும்" என்றார் அப்பா. குழுத் தலைவர் மறுக்கவில்லை, தலையசைத்தார். வெட்டி எடுத்தவர்களுக்கே 5 ஆண்டுக்குள் பாதிக்கு மேற்பட்டோருக்கு இந்த நோய் திரும்பி வருகிறது என்றும் அப்போது சொன்னார்.

இப்போது அப்பாவுக்கு அட்டெஸோலிஸுமாப், பெவசிஸுமாப் என்ற இரண்டு மருந்துகள் 3 வாரத்துக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றுகிறார்கள். முதல் மருந்து, உடம்பின் எதிர்ப்பு சக்தியின் மேல் கட்டி போட்டிருக்கும் தடையை எடுக்கிறது. இரண்டாவது, கட்டி புது ரத்த நாளங்களை வளர்த்துக்கொள்ள விடாமல் தடுக்கிறது. வழக்கமான கீமோ இந்த நோயில் பெரிதாகப் பலன் தருவதில்லை. பல காலம் மருந்தே இல்லாமல் இருந்து, 2007-ல் சொராஃபெனிப் மாத்திரை வந்தது. 2020-ல் இந்த இரட்டை மருந்து வந்தது. புற்றுநோய் மருத்துவரிடம் நான் நேராகவே கேட்டேன், "டாக்டர், எவ்வளவு நாள்?" அவர் மழுப்பவில்லை. இரண்டையும் ஒப்பிட்ட பெரிய ஆய்வில் சொராஃபெனிப் எடுத்தவர்களில் பாதிப் பேர் 13.4 மாதத்தைத் தாண்டினார்கள், இதை எடுத்தவர்களில் பாதிப் பேர் 19.2 மாதத்தைத் தாண்டினார்கள் என்றார். "இது கூட்டத்தோட கணக்கும்மா. உங்க அப்பா இதுல எந்தப் பக்கம்னு என்னால இன்னைக்குச் சொல்ல முடியாது. முதல் ஸ்கேன் வரட்டும்" என்றார். இப்படிச் சொல்வதற்கும் "கடவுள் கையில் இருக்கிறது" என்று சொல்வதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. எங்களால் அதை வைத்துத் திட்டமிட முடிந்தது.

தொடங்கும் முன் மறுபடி எண்டோஸ்கோபி செய்து புடைத்த நரம்புகளுக்கு ரப்பர் வளையம் போட்டார்கள். பெவசிஸுமாப் ரத்தக்கசிவை உண்டாக்கும் என்பதால் இது தவறக் கூடாத படி. ஒவ்வொரு முறையும் ரத்த அழுத்தமும் சிறுநீரில் புரதமும் பார்த்த பிறகுதான் மருந்தை ஏற்றுகிறார்கள். இடையில் அப்பா எப்போதும் களைப்பாக இருந்தார், குளிர் தாங்கவில்லை. கல்லீரல்தான் என்று நாங்கள் நினைத்தோம். சிஸ்டர் உடனே தைராய்டு பார்க்கச் சொன்னார், குறைந்திருந்தது. எதிர்ப்பு சக்தியை அவிழ்த்துவிடும் மருந்து சில சமயம் தைராய்டையும் குடலையும் நுரையீரலையும் தாக்கும். மாத்திரை தொடங்கியதும் பழையபடி வாசலில் உட்கார்ந்து பேப்பர் படிக்க ஆரம்பித்துவிட்டார். முதல் ஸ்கேனில் நரம்புக்குள் இருந்தது சுருங்கியிருக்கிறது.

உணவு ஆலோசகரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கல்லீரல் நோய் என்றால் புரதத்தைக் குறைக்க வேண்டும் என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் சொல்லி, அப்பாவின் தோளும் தொடையும் வற்றிப்போயிருந்தன. இவர் அதைத் தலைகீழாக மாற்றினார். உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம், தூங்கும் முன் கண்டிப்பாக ஏதாவது சாப்பிட வேண்டும் என்றார். சிரோசிஸ் உள்ளவர் ஒரு ராத்திரி பட்டினி கிடந்தாலே உடம்பு தசையைக் கரைத்து எரிக்கத் தொடங்கிவிடும். அவருக்கு முழு மதிப்பெண்.

வலி நிவாரண (பேலியேட்டிவ் கேர்) பிரிவுக்கு எங்களைத் தாமதமாகத்தான் அனுப்பினார்கள் என்பது மூன்றாவது குறை. அந்தப் பெயரைக் கேட்டதும் கடைசி நேரம் வந்துவிட்டது என்று குடும்பங்கள் பயப்படும், அதனால் சொல்லத் தயங்குகிறோம் என்றார் ஒரு மருத்துவர். அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. அரிப்பு, தூக்கமின்மை, பயம் இதற்கெல்லாம் அங்கே கிடைத்த உதவி முதல் டேஸின்போதே கிடைத்திருக்க வேண்டியது. அப்பாவோடு அரை மணி நேரம் யாராவது அவசரப்படாமல் பேசினார்கள் என்றால் அது அந்த அறையில்தான்.

எங்கள் எல்லோரையும் ஹெபடைடிஸ் பி பரிசோதனைக்கு வரச்சொன்னது இந்தப் பிரிவுதான். இத்தனை வருடத்தில் வேறு யாரும் சொல்லவில்லை. அண்ணனுக்கும் அம்மாவுக்கும் இல்லை. எனக்கும் இல்லை, ஆனால் எதிர்ப்பு சக்தியும் இல்லை. அதனால் 0, 1, 6 மாதக் கணக்கில் 3 ஊசி போட்டார்கள். புற்றுநோயைத் தடுக்கும் தடுப்பூசி என்றால் நம்ப மாட்டார்கள், ஆனால் இது அதுதான். தைவானில் 1984-ல் பச்சிளம் குழந்தைகளுக்கு இதைப் போடத் தொடங்கிய பிறகு, சிறுவர்களுக்கு வரும் கல்லீரல் புற்றுநோய் கண்கூடாகக் குறைந்தது. வீட்டில் யாருக்காவது இந்த வைரஸ் இருந்தால் மற்றவர்கள் இந்த வாரமே போய்ப் பார்த்துவிடுங்கள்.

இந்தப் பிரிவுக்கோ இதுபோன்ற வேறோர் இடத்துக்கோ போகிறவர்கள் ஸ்கேன் அறிக்கைத் தாளை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். படங்கள் பதிந்த குறுந்தட்டைக் கேட்டு வாங்குங்கள். ட்யூமர் போர்டில் பார்ப்பது படத்தைத்தான், தாளை அல்ல. எங்கள் பழைய இடத்தில் தட்டைத் தர இழுத்தடித்ததால் முதல் போர்டில் அப்பாவின் பெயர் விடுபட்டு ஒரு வாரம் போனது. அந்த சிடி ஸ்கேன் மூன்று கட்டமாக எடுத்ததா என்றும் கேளுங்கள். கான்ட்ராஸ்ட் கொடுத்து ஒரே ஒரு கட்டம் மட்டும் எடுத்திருந்தால் மின்னுவதும் கறுப்பதும் தெரியாது, மறுபடி எடுக்கச் சொல்வார்கள். முதல் சந்திப்பிலேயே, "அப்பாவின் சைல்டு-பியூ என்ன? போர்டில் எப்போது பேசுவீர்கள்? முடிவை எழுதித் தருவீர்களா?" என்று கேட்டுவிடுங்கள். அறிக்கை வருகிற அன்றே யாராவது அதை விளக்குவார்களா என்றும் கேளுங்கள். நாங்கள் புகார் கொடுத்த பிறகு இங்கே அதற்கென்று ஒரு சிஸ்டரை நியமித்து, அவருடைய நேரடித் தொலைபேசி எண்ணை ஃபைல் அட்டையிலேயே ஒட்டித் தருகிறார்கள்.